சதுரத் தாளில் இளவேனில்

(மகாவீரர் பிறந்தநாள் விழாவையொட்டி அம்பத்தூரில் நடைபெற்ற குடும்பக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அறக்கட்டளையார் என்னை அழைத்தபோது, "ஐயா, இம்முறை இலக்கியம் வேண்டாம், பிள்ளைகளுக்குக் காகிதம் மடிக்கக் கற்றுக்கொடுத்தீர்களே, அதைப் பற்றிப் பேசுங்கள்" என்றார்கள். வாழ்நாளெல்லாம் தமிழாசிரியனாக இருந்தவனிடம் இலக்கியம் வேண்டாம் என்பது, பழகிய வண்டிமாட்டை வேறு வழியில் ஓட்டுவது போன்றது. மாடு கொஞ்ச தூரம் போகும். பிறகு தன் பழைய தடத்தில் தானே திரும்பிவிடும். ஆகவே இடையில் சிறிது இலக்கியமும் வரும். பொறுத்தருள வேண்டுகிறேன்.

சென்ற பங்குனியில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், காலைப் பூசை முடிந்தபின், இதே மண்டபத்தில் 4 வயது முதல் 8 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அந்த வகுப்பை நடத்தினேன். இக்கலையை உலகம் ஓரிகாமி என்று அழைக்கிறது. ஜப்பானிய மொழியில் 'ஓரி' என்பது மடித்தல். 'காமி' என்பது தாள். கத்தரிக்கோல் வேண்டா, பசை வேண்டா. ஒரு சதுரத் தாளும் பத்து விரல்களும் இருந்தால் போதும்.

பெயர் ஜப்பானுடையது என்றாலும் செயல் நமக்குப் புதிதன்று. நான் பிறந்தது வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர். பனங்குருத்தோலையில் கிளியும் கிலுகிலுப்பையும் பந்தும் காற்றாடியும் முடைந்து தருவார்கள். தென்னங்கீற்றில் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு மணி கேட்டுத் திரிந்தோம். மழைக்காலத்தில் தெருவில் நீர் ஓடினால் சாதாரணக் கப்பல் விடுபவன் சிறுவன். கத்திக்கப்பல் மடிக்கத் தெரிந்தவன் தலைவன். மளிகைக்கடையில் அரைக்கால் படி துவரம்பருப்பைத் துண்டுத் தாளில் கொட்டி, நான்கு பக்கமும் மடித்து, முனையைச் செருகிப் பொட்டலமாக நீட்டுவார் கடைக்காரர். ஒரு பருப்பும் சிந்தாது. அவரைவிடப் பெரிய மடிப்புக்கலைஞரை நான் பின்னர்ப் பார்த்ததில்லை. நெகிழிப் பை வந்தது. அந்தக் கை போயிற்று.

வகுப்புக்கு முன்பு ஒரு பயிற்சி நூல் வாங்கினேன். அதில் 'வசந்தகாலக் கைவினைகள்' என்று ஒரு பகுதி. டியூலிப், செர்ரிப்பூ, முயல்குட்டி, பனி உருகியபின் எட்டிப்பார்க்கும் பூக்கள் என்று வரிசையாகப் படங்கள். ஆவடியில் எந்தப் பனி உருகிற்று? நம் பிள்ளைகள் கண்ட உறைபனி ஐஸ்கிரீம் வண்டிக்குள் இருப்பதுதான். நூலாசிரியரைக் குறை கூறவில்லை. அவர் தம் வாசலில் கண்டதை எழுதினார். நாம் நம் வாசலைப் பார்க்க வேண்டும், அவ்வளவே.

நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தபோது சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றனர். குளிர்நாடுகளில் வசந்தம் என்பது குளிரின் முடிவு. நமக்கோ அது வெப்பத்தின் தொடக்கம்; வேனிலின் இளமை. மேற்குப் புறநகரில் இருந்துகொண்டு வசந்தம் எங்கே என்று கேட்பவர்கள் தெருவோரப் புங்கமரத்தைப் பாருங்கள். பங்குனியில் இலை உதிர்த்து நிற்கும். பத்து நாளில் கண்கூசும் பசுமையோடு தளிர்த்துவிடும். வேம்பு பூத்து வாசலெல்லாம் உதிர்கிறது. கொன்றை சரம்சரமாக மஞ்சள் கட்டுகிறது. நம் ஊர்ப்பெயர்களே பூக்கூடைதாம். ஒருபுறம் பூவிருந்தவல்லி, பேருந்துப் பலகையில் அது பூந்தமல்லி ஆயிற்று. மறுபுறம் தொண்டைமானின் யானையை முல்லைக்கொடி தடுத்ததாகக் கதை வழங்கும் திருமுல்லைவாயில். இப்படிப்பட்ட ஊர்களில் வாழும் பிள்ளை, வசந்தம் என்றால் டியூலிப் என்று எழுதலாமா?

எனவே நூலில் இருந்த டியூலிப்பைத் தாமரை மொட்டு ஆக்கினேன். மடிப்பு அதேதான், பெயர்தான் மாறியது. பெயர் மாறியதும், ஆறாம் தீர்த்தங்கரர் பத்மப்பிரபரின் இலாஞ்சனம் தாமரை என்று ஒரு சிறுமி தானாகவே எழுந்து சொன்னாள். அதை நான் திட்டமிடவில்லை.

மொட்டு செய்யும் முறையைச் சொல்கிறேன். தாளின் ஒரு மூலை நம்மைப் பார்க்குமாறு வைக்க வேண்டும். கீழ்மூலையை மேல்மூலையோடு சேர்த்து மடித்தால் முக்கோணம். அதன் அடிப்பக்கம் நம்மை நோக்கியும் உச்சி மேலேயும் இருக்கும். இனி இடக்கை முனையை மேல்நோக்கி, உச்சிக்குச் சற்று இடப்புறம் விலகி நிற்குமாறு மடிக்க வேண்டும். வலக்கை முனையையும் அவ்வாறே வலப்புறம் விலக்கி மடித்தால் மூன்று இதழ்நுனிகள் தெரியும். அடியில் கூராக இருக்கும் பகுதியைப் பின்புறமாகச் சிறிது மடித்துவிட்டால் மொட்டு முடிந்தது. நான்கே மடிப்பு. நான்கு வயதுக் குழந்தைக்கு இது போதும். இதற்கு மேல் கேட்கவும் கூடாது.

அடுத்தது மாவிலை. சித்திரைப் பிறப்புக்கு வாசலில் தோரணம் கட்டுகிறோம். மரத்திலிருந்து ஓர் இலையும் பறிக்காத தோரணம் கட்டலாமே என்று எனக்குத் தோன்றியது. பச்சைத் தாளை மூலைக்கு மூலை மடித்து விரித்தால் நடுவில் ஒரு கோடு விழும். ஒரு முனையின் இரு பக்கங்களிலும் உள்ள விளிம்புகளை அந்த நடுக்கோட்டைத் தொடுமாறு மடித்தால் பட்டம் போன்ற வடிவம் வரும். இனி எதிர்முனையிலிருந்தும் இரு விளிம்புகளை நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்தால், இரு நுனியும் கூராக, நீண்ட மாவிலை. திருப்பிப் பிடித்தால் மடிப்பு தெரியாது. காம்பு முனையில் தாய்மார்கள் ஊசியால் நூல் கோத்துத் தந்தார்கள்.

வண்ணத்துப்பூச்சிக்கு விசிறிமடிப்பு. ஒரே அளவுள்ள இரண்டு தாள்கள். ஒன்றை விளிம்பிலிருந்து முன்னும் பின்னுமாக விரல் அகலத்துக்கு மடித்துக்கொண்டே போக வேண்டும். மற்றொன்றை மூலையிலிருந்து மூலைவரை அவ்வாறே மடிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து நடுவில் நூலால் கட்டி விரித்தால் மேற்சிறகும் கீழ்ச்சிறகும் அமைந்துவிடும். நூல் கட்டினால் அது ஓரிகாமி ஆகாது என்று கறாராகப் பேசுவோர் உண்டு. ஐந்து வயதுக் குழந்தையிடம் அந்த வாதம் எடுபடாது.

எட்டு வயதினருக்குக் கொக்கு. மாவிலைக்குச் சொன்ன பட்டவடிவம் வரை மடித்துக்கொள்ள வேண்டும். அதைக் கவிழ்த்து, கூர்முனைப் பக்கத்து நீண்ட விளிம்புகளை மறுபடியும் நடுக்கோட்டுக்கு மடித்தால் பட்டம் ஒடுங்கும். கூர்முனையை மடக்கி எதிர்முனையோடு சேர்த்தால் அது கழுத்து. அதன் நுனியைச் சிறிது திருப்பி மடித்தால் தலையும் அலகும். கழுத்து வெளியே இருக்குமாறு முழுவதையும் நீளவாக்கில் இரண்டாக மடித்து, கழுத்தை மெல்ல மேலே இழுத்து, தலையை முன்னே இழுத்து, அடியில் அழுத்திவிட்டால் கொக்கு நிற்கும். அம்பத்தூர் ஏரிக்கரையில் நிற்கும் கொக்கைவிடச் சற்றுக் கோணலாக இருக்கும், அதனால் குற்றமில்லை.

இந்தக் கொக்கில்தான் சிக்கல் வந்தது.

மூன்றாம் ஞாயிறு. பேத்தியை அழைத்துவந்த பெரியவர் ஒருவர், எண்பது வயதைக் கடந்த அம்மையார், மண்டபத்தின் ஓரத்தில் நாற்காலியில் அமர்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பு முடியும் நேரத்தில் என்னை அழைத்து, "வாத்தியாரே, பிள்ளைங்க கையில கொக்கு செஞ்சு குடுக்கிறீங்களே. வீட்டுக்குப் போறதுக்குள்ள சண்டை போட்டுக் கிழிச்சுடுவாங்க. அந்தப் பாவம் யாருக்கு?" என்று கேட்டார்.

அருகில் இருந்த இளம் தாய்மார் சிலர் சிரித்துவிட்டார்கள். "பாட்டி, அது வெறும் பேப்பர்" என்றாள் ஒருத்தி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. விலங்கு வடிவ பிஸ்கட்டைத் தலை வேறு கால் வேறாகக் கடிக்கவிடாத பாட்டிகள் நம் வீடுகளில் உண்டு. அவர்கள் அறியாமையால் அப்படிச் செய்யவில்லை. அதன் பின்னால் ஒரு காப்பியமே நிற்கிறது.

யசோதர காவியத்தை இங்குள்ள மூத்தோர் அறிவர். இளையோர்க்காகச் சுருக்கிச் சொல்கிறேன். உச்சயினி வேந்தன் யசோதரன் ஒரு தீக்கனவு கண்டதாகத் தாயிடம் கூறுகிறான். தாய் சந்திரமதி, தேவிக்கு உயிர்ப்பலி தந்தால் தீங்கு நீங்கும் என்கிறாள். கொல்ல மனமில்லாத அரசன் மறுக்கிறான். தாய் விடவில்லை. முடிவில், உயிருள்ள கோழி வேண்டாம், மாவினால் செய்த கோழியைப் பலியிடலாம் என்று இருவரும் உடன்படுகிறார்கள். அரசன் வாளை ஓங்கி மாக்கோழியை வெட்டுகிறான். வெட்டுண்டது மாவு. ஆயினும் அந்த வினை, தாயையும் மகனையும் மயிலாகவும் நாயாகவும் மேலும் பல விலங்குகளாகவும் பிறவிதோறும் துரத்துகிறது. அந்த அம்மையார் கேட்ட கேள்வி அந்தக் காப்பியத்தின் கேள்விதான். மாவும் தாளும் உயிரற்றவை. அவற்றை வெட்டும் கை உயிருள்ளது அல்லவா?

அன்று என்னால் உடனே விடை கூற முடியவில்லை. "யோசித்துச் சொல்கிறேன் அம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீடு திரும்பும் வழியில் எனக்கு இன்னொரு செய்பறவை நினைவுக்கு வந்தது. அதுவும் நம் சமணப் புலவர் ஒருவர் பாடியதே. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் சச்சந்தன் செய்வித்த மயிற்பொறி. அமைச்சன் கட்டியங்காரனின் சூழ்ச்சி முற்றியபோது, கருவுற்றிருந்த விசயை அதில் ஏறித்தான் உயிர் தப்பினாள். அது இறங்கிய சுடுகாட்டில்தான் சீவகன் பிறந்தான். ஒரு செய்பறவை இரண்டு உயிர்களைச் சுமந்து காத்தது. மற்றொரு செய்பறவை இரண்டு உயிர்களைப் பிறவிச்சுழலில் தள்ளியது. இரண்டும் மனிதக் கை செய்தவை. முதலாவதைச் செய்தவன் ஒருத்தியின் உயிரை நினைத்துச் செய்வித்தான். இரண்டாவது, வெட்டுவதற்கென்றே செய்யப்பட்டது. ஆகவே கொக்கு மடிப்பதில் குற்றமில்லை. மடித்தபின் அந்தக் கை என்ன செய்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீசப்பட்டபோது இரண்டு வயதுக் குழந்தையாக இருந்த சடாகோ சசாகி, பின்னர் இரத்தப் புற்றுநோய் கண்டு, மருத்துவமனைப் படுக்கையில் காகிதக் கொக்குகளை மடித்தபடி 1955ஆம் ஆண்டு தன் 12ஆம் வயதில் இறந்த கதையை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். வகுப்பில் அதை நான் சொல்லவில்லை. நான்கு வயதுக்கு அது தாங்காது.

இலக்கியத்தில் விடை கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக உறங்கியிருக்கலாம். ஆனால் அன்றிரவு வேறொன்று நினைவுக்கு வந்து உறக்கத்தைக் கெடுத்தது. அதைச் சொல்லாமல் இந்த உரை முடியாது.

1992 அல்லது 93ஆம் ஆண்டாக இருக்கலாம். ஆறாம் வகுப்பு. நான் புணர்ச்சி விதிகளை நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் ஒரு சிறுவன். எழுத்துக்கூட்டிப் படிக்கவே தடுமாறுவான். மேசைக்கடியில் அவன் கை அசைவதைக் கண்டு அருகே சென்றேன். தேர்வுத்தாள் ஒன்றை மடித்து ஒரு பறவை செய்து வைத்திருந்தான். வாலை இழுத்தால் சிறகு அடிக்கும் பறவை. யாரிடம் கற்றானோ! நான் அதைப் பிடுங்கி, வகுப்பு முழுவதும் பார்க்க, நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் அழவில்லை. அந்தக் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இதில் இன்னும் ஒன்று உண்டு. கால அட்டவணைப்படி அந்தப் பாடவேளை என்னுடையதன்று. அது கைவேலைக்குரிய பாடவேளை. பாடப்பகுதி முடியவில்லை என்று நான் கேட்டு வாங்கிக்கொண்டது. அதாவது கைவேலை நேரத்தில் கைவேலை செய்தவன் அந்த வகுப்பில் அவன் ஒருவனே. அவனைத்தான் நான் தண்டித்தேன். நாற்பதைக் கடந்திருப்பான் இப்போது. எங்கிருக்கிறானோ, அறியேன். அந்த அம்மையார் "அந்தப் பாவம் யாருக்கு" என்று கேட்டபோது அவர் பிள்ளைகளைப் பற்றித்தான் கேட்டார். என் காதில் அது வேறுவிதமாக விழுந்தது.

நான்காம் ஞாயிறு வகுப்பில் ஒரு மாற்றம் செய்தேன். செய்ததை வீட்டுக்கு எடுத்துச் செல்ல விரும்பும் பிள்ளை எடுத்துச் செல்லலாம். வேண்டாம் என்றால் கிழிக்கக் கூடாது, கசக்கக் கூடாது. மடித்த வழியிலேயே பின்னோக்கி வந்து விரித்துவிட வேண்டும். கடைசி மடிப்பு முதலில், முதல் மடிப்பு கடைசியில். கொக்கு கழுத்தைத் தாழ்த்தும், பட்டமாகும், முக்கோணமாகும், இறுதியில் பழைய சதுரமாகிவிடும். வெட்டாமலும் ஒட்டாமலும் செய்த பொருளுக்குத்தான் இந்த வாய்ப்பு உண்டு. ஒட்டுவேலையில் செய்த பூவைக் கலைத்தால் குப்பைதான் மிஞ்சும். மடித்த பூவைக் கலைத்தால் தாள் மிஞ்சும்.

அப்படி விரித்தபோதுதான் எதிர்பாராத ஒன்று நடந்தது. மாவிலையை விரித்த ஆறு வயதுப் பையன் ஒருவன், "தாத்தா, இலை உள்ளேயே இருக்குது!" என்று கூவினான். பார்த்தேன். சதுரத்தின் நடுவே, மடிப்புக்கோடுகளால் வரைந்தது போல, அதே மாவிலை தெரிந்தது. உடனே எல்லாரும் தத்தம் தாளை வெளிச்சத்தில் பிடித்துக் கோடுகளை எண்ணத் தொடங்கிவிட்டார்கள். மூத்த சிறுமி ஒருத்தியிடம் மூலைக்கோணம் எத்தனை பாகை என்று கேட்டேன். 90 என்றாள். மூலைக்கு மூலை மடித்தபின்? 45. பட்டம் மடித்தபின்? கொஞ்சம் யோசித்து, இருபத்திரண்டரை என்றாள். தமிழாசிரியன் வடிவியல் நடத்திவிட்டேன்!

இந்த இடத்தில் நம் சென்னைக்குரிய ஒரு பெருமையைச் சொல்ல வேண்டும். 1893ஆம் ஆண்டு இதே சென்னையில், அடிசன் நிறுவனத்தார் வெளியீடாக ஓர் ஆங்கில நூல் வந்தது. காகிதத்தை மடித்தே வடிவியல் கற்பிக்கும் நூல். எழுதியவர் தண்டலம் சுந்தர ராவ். கவராயமும் வேண்டாம், அளவுகோலும் வேண்டாம். ஒரு தாளை மடித்துச் சதுரம் எடுப்பதில் தொடங்கி, சமபக்க முக்கோணம், ஐங்கோணம், அறுகோணம் என்று வளர்ந்து, இறுதியில் கூம்பு வெட்டு வளைகோடுகள் வரை செல்கிறார். செருமானியக் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் தம் நூலொன்றில் இதைப் பாராட்டிச் சுட்டினார். 1901இல் சிகாகோவில் அமெரிக்கப் பதிப்பு வந்தது. உலகெங்கும் மடிப்புக்கணிதம் பயில்வோர் இன்றும் அந்நூலைத் தேடிப் படிக்கிறார்கள். நம்மில் எத்தனை பேர் அவர் பெயரைக் கேட்டிருக்கிறோம்? கணிதம் கற்பித்த என் நண்பர்களில்கூட ஒருவரே அறிந்திருந்தார்.

அந்நூல் எப்படிப் பிறந்தது என்பது இன்னும் சுவையானது. செருமானியக் கல்வியாளர் ஃபிரோபெல் 1837இல் சிறு குழந்தைகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கி, பின்னர் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயர் சூட்டினார். குழந்தைகளின் தோட்டம் என்பது அச்சொல்லின் பொருள். அம்முறையில் பயன்பட்ட பொருள்களுள் வண்ணத்தாள் பெட்டியும் ஒன்று. 200 வண்ணச் சதுரங்கள், மடிப்பை அழுத்த ஒரு கருவி, விளக்கப் படங்கள். அந்தப் பெட்டியே தம் நூலுக்கு வித்திட்டது என்று சுந்தர ராவ் முன்னுரையில் கூறுகிறார். மழலைப் பள்ளியின் விளையாட்டுத் தாளைப் பார்த்து ஒரு பெரிய மனிதர் கணித நூல் எழுதியிருக்கிறார். நானோ ஒரு மாணவன் கையில் இருந்த அதே போன்ற தாளைப் பார்த்துக் கிழித்திருக்கிறேன்.

இனி, பாட்டனார் பாட்டிமார்க்குச் சில சொற்கள். வகுப்பில் எனக்குப் பெருந்தொல்லை தந்தவர்கள் பிள்ளைகள் அல்லர், உடன்வந்த பெரியவர்கள்தாம். குழந்தை மூலையைச் சேர்க்கத் தடுமாறும்போது, "குடு, குடு, நான் பண்ணித் தரேன்" என்று ஒரு கை மேலிருந்து இறங்கும். மொட்டு அழகாக வந்துவிடும். குழந்தை அதை ஒருமுறை பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடும். அது அதனுடைய மொட்டு அன்று. கற்றுக்கொடுக்க விரும்புவோர் தமக்கென்று தனியே ஒரு தாளை எடுத்துக்கொண்டு, குழந்தைக்கு எதிரில் அன்று, பக்கத்தில் அமர்ந்து மடிக்க வேண்டும். எதிரில் அமர்ந்தால் இடமும் வலமும் மாறிக் குழந்தை குழம்பிவிடும்.

"விளிம்பை ஒத்துப்போகச் செய்" என்றால் சிறு குழந்தைக்குப் புரியாது. "இந்த மூலை அந்த மூலைக்கு வணக்கம் சொல்லட்டும்" என்றால் புரியும். நான் அதற்கு வணக்கமடிப்பு என்றே பெயர் வைத்துவிட்டேன். மூலைகள் சேர்ந்தபின் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, பிறகுதான் நடுவை அழுத்த வேண்டும். பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் நடுவை அழுத்திவிட்டு அப்புறம் மூலையைத் தேடுவார்கள். முதல் மடிப்பில் ஒரு நூலளவு பிசகினால் நான்காம் மடிப்பில் அது விரலளவாகும். அழுத்திய கோட்டைக் கட்டைவிரல் நகத்தால் ஒருமுறை இழுத்துவிட்டால் மடிப்பு நிற்கும்.

தாளுக்குச் செலவு வேண்டியதில்லை. ஒருபக்கம் அச்சான அலுவலகத் தாள்கள் எல்லா வீட்டிலும் குவிந்திருக்கின்றன. ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. மேல்மூலையைச் சாய்வாக எதிர்விளிம்புக்கு மடித்து, மிஞ்சும் பட்டையை நீக்கினால் 21 செ.மீ. சதுரம் கிடைக்கும். கடையில் விற்கும் 15 செ.மீ. வண்ணத்தாளைவிடச் சிறு கைகளுக்கு இதுவே ஏற்றது. நீக்கிய பட்டை நூல்களுக்கு அடையாளம் வைக்க உதவும். செய்தித்தாளில் மை ஒட்டும். சார்ட் தாள் தடிமன். இரண்டாம் மடிப்பிலேயே அடம்பிடிக்கும். அருகன் திருவுருவம் அச்சிட்ட அழைப்பிதழ்களையும் நாட்காட்டித் தாள்களையும் மட்டும் மடிக்கத் தராதீர்கள். அதில் அந்த அம்மையாரும் நானும் ஒரே கட்சி.

புழலில் கோயில் கொண்டிருக்கும் நம் ஆதிநாதர், தம் மகள் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தார் என்று ஆதிபுராணம் கூறும். தந்தையே அருகில் அமர்த்திக் கற்பித்த காட்சி அது. பள்ளிக்கூடம் பிறகு வந்தது. ஞாயிறு மாலை அரைமணி நேரம், தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இரண்டு தாளோடு பிள்ளையின் பக்கத்தில் அமர முடியாத அப்பாக்கள் இங்கே யாராவது இருந்தால் கை உயர்த்தலாம். (ஒருவரும் உயர்த்தவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.)

அந்த அம்மையார் நான்காம் ஞாயிறும் வந்திருந்தார். மாக்கோழியையும் மயிற்பொறியையும் சொன்னேன். விரிக்கும் வழக்கத்தையும் காட்டினேன். பேத்தி விரித்துத் தந்த கொக்குத்தாளை வாங்கி மடியில் வைத்து, உள்ளங்கையால் நெடுநேரம் நீவிக்கொண்டிருந்தார். பிறகு, "இது சரிதான் வாத்தியாரே. ஆனா அந்தத் தவளை வேண்டாம். குதிக்குதான்னு பார்க்கறேன்னு விரலால நசுக்குவாங்க, கீழ விழுந்தா மிதிப்பாங்க" என்றார். குதிக்கும் தவளையை அடுத்த வகுப்புக்கென்று நான் வைத்திருந்தது உண்மை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பாடத்திட்டத்திலிருந்து தவளையை நீக்கிவிட்டேன்.

உணவு பரிமாறும் நேரம் நெருங்கிவிட்டது. முன்வரிசையின் பொறுமையும் தீர்ந்துவிட்டது. வாயிலில் கட்டியிருக்கும் பச்சைத் தோரணத்தைப் போகும்போது பாருங்கள். 108 மாவிலைகள்; எல்லாம் இந்தப் பிள்ளைகள் மடித்தவை. இடப்பக்கத்து ஓரத்தில் மூன்று இலைகள் கோணலாகத் தொங்கும். காலையிலிருந்து நால்வர் அவற்றைச் சரிசெய்ய வந்தார்கள், நான் தடுத்துவிட்டேன். அந்த மூன்றையும் மடித்தவருக்கு நான்கு வயது. விழா முடிந்ததும் அவரே வந்து விரித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.